பெயர் வெட்டிய பாத்திரங்களைப் படிப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு, பட்டர்வொர்த்தில் எங்கள் அம்மா நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருந்த வீட்டை நாங்கள் காலி செய்ய வேண்டியதாயிற்று. பிள்ளைகள் ஐவரும் ஆளுக்கோர் ஊரில், பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறோம். எந்தப் பொருளை யார் வீட்டில் வைப்பது என்பதே நாள்தோறும் பேச்சாக இருந்தது. அந்த நாள்களில் "பேப்பர் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் பழைய சாமான் லோரி எங்கள் தெருவுக்கு இரண்டு முறை வந்து போனது. முதல் முறை வந்தபோது நான் அங்கே இல்லை. அன்று போனவற்றுள் பாட்டியின் பித்தளைக் குடம் ஒன்றும், மூடி உடைந்த ஊறுகாய் ஜாடியும், பூட்டுத் தொலைந்த தகரப்பெட்டியும், அந்தப் பெட்டிக்குள் கயிறு கட்டி வைத்திருந்த காகிதக் கட்டும் அடங்கும். குடத்தை எடை போட்டார்கள். காகிதத்தையும் எடை போட்டார்கள். அந்தக் காகிதங்களில் என்ன எழுதியிருந்தது என்பதை இனி எவரும் சொல்ல முடியாது.

யாரையும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து கம்பத்து (கிராமத்து) வீட்டுக்கும், அங்கிருந்து தாமான் எனும் குடியிருப்புப் பகுதிக்கும், தாமானிலிருந்து அடுக்குமாடிக்கும் மாறி மாறிக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் ஒவ்வொரு முறையும் எதையாவது விட்டுவிட்டுத்தான் வந்திருக்கின்றன. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றியவள் என்ற முறையில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மலேசியாவில் நம் முன்னோர் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிய அரசாங்கப் பதிவுகளில் பெரும்பாலும் தலைக்கணக்கும் கூலிக்கணக்குமே இருக்கின்றன. அவர்கள் எதைச் சமைத்தார்கள், எதைச் சேமித்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அடுப்படியிலும் சாமி அறையிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கும் பொருள்களில்தான் பதிந்திருக்கிறது. அந்தப் பொருள்களைப் பற்றிச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலரே நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அவற்றைப் படித்துப் பதிவு செய்துவிட வேண்டும்.

படிப்பது என்று நான் சொல்வது வெறும் உவமை அன்று. லோரிக்குத் தப்பிய பொருள்களுள் பெரியது ஓர் அண்டா. அந்த அண்டாவைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. தாத்தா 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது ஊரிலிருந்து அதைச் சுமந்து வந்தார் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்; என் பேரப்பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அம்மாவின் வீட்டுக் கூடத்தில் அதைத் துடைத்து வைத்து, பக்கவாட்டிலிருந்து கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தபோது, கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் தெளிந்தன. முதலில் தாத்தாவின் பெயரெழுத்து, அடுத்துப் பாட்டியின் பெயரெழுத்து, அதன் பிறகு தோட்டத்தின் பெயர் சுருக்கமாக, கடைசியில் 1951.

தாத்தா, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வழியாக வந்தவர். அடுத்த ஆண்டே, 1938-இல், இந்திய அரசு உதவி பெற்றுக் கூலி வேலைக்கு மலாயா செல்வதைத் தடை செய்துவிட்டதால், அந்த வழியில் வந்த கடைசிக் கூட்டத்தில் அவரும் ஒருவர். மேல்தளப் பயணியாக வந்து, பினாங்கை அடைந்ததும் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தங்க வைக்கப்பட்டு, பிறகு செபராங் பிறையின் தோட்டம் ஒன்றுக்குப் போனவர். இத்தனை பெரிய அண்டாவைச் சுமந்துகொண்டு அந்தப் பயணத்தைச் செய்திருக்க முடியுமா என்ற ஐயம் எனக்கு அப்போதுதான் எழுந்தது. பெயரைப் பின்னாளில் வெட்டியிருக்கலாம் அல்லவா என்று தம்பி கேட்டார். அதுவும் நியாயமான கேள்வியே. ஆகவே சுங்கை பட்டாணியில் இருக்கும் பெரியம்மாவிடம் போனேன். 1951-இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. அண்டாவின் படத்தைக் கைப்பேசியில் காட்டியதும் அவர் தயங்காமல் சொன்னார்: "அந்த வருஷந்தாம்மா உங்க தாத்தா கையில நாலு வெள்ளி நின்னுச்சு. பாட்டிக்குக் கூட்டுப் பணமும் விழுந்துச்சு. பெரிப் படகுல ஏறிப் போயி பினாங்குக் கடைத்தெருவுல வாங்குனோம். வாங்குன கடையிலேயே பேரும் வெட்டிக் குடுத்தாங்க. நானும் கூடப் போனேன்."

ஏன் அந்த ஆண்டு? 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. போருக்கு ரப்பர் வேண்டியிருந்ததால் விலை ஏறிக்கொண்டே போய், 1951-இல் உச்சத்தைத் தொட்டது. பால்மரம் வெட்டியவர்களின், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்களின், கூலியிலும் அது சிறிது எதிரொலித்தது. தாத்தாவின் கையில் நின்ற நாலு வெள்ளி அங்கிருந்து வந்தது. பாட்டியின் பங்கு வேறு வழியில் வந்தது. லயத்துப் பெண்கள் மாதந்தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்ளும் கூட்டு அக்காலத்தில் தோட்டந்தோறும் நடந்தது. 1971-இல் அதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. வங்கியின் வாசலை மிதித்தறியாத பெண்களின் சேமிப்பு முறை அது. ஆக, ஊரிலிருந்து வந்த குலச்சொத்து என்று நாங்கள் நினைத்திருந்த அண்டா, இந்த மண்ணில் இரண்டு பேர் உழைத்துச் சேர்த்த காசில், பதினான்கு ஆண்டுகள் கழித்து வாங்கப்பட்டது. எங்கள் கதை பொய்யாயிற்றே என்று நான் வருந்தவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர் பத்துப் படி அரிசி வேகும் அண்டா வாங்கித் தோட்டத்தின் பெயரையும் அதில் வெட்டிக்கொள்ள மாட்டார். தாத்தாவும் பாட்டியும் இங்கேயே இருப்பது என்று எப்போது முடிவு செய்தார்கள் என்பதை எந்த ஆவணத்திலும் நான் கண்டதில்லை. அண்டாவில் அதற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு கிடைக்கிறது.

நம்மவர்கள் கல்வெட்டைப் போற்றுகிறவர்கள். சுமத்திராவில் பாரூஸுக்கு அருகே லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பற்றி மேடையில் யாராவது பேசினால் கைதட்டுகிறோம். 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திய பெருமை நமக்கு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இலேயே இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பட்டது. கல்வெட்டு என்ன சொல்கிறது? யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எதைக் கொடுத்தார், எந்த ஆண்டில் கொடுத்தார் என்று சொல்கிறது. சீர்ப் பாத்திரத்தின் கழுத்தில் வெட்டிய எழுத்தும் அதையேதான் சொல்கிறது. தாய்மாமன் பெயர், மருமகள் பெயர், சடங்கா திருமணமா என்பது, தேதி ஆகிய எல்லாம் உள்ளங்கை அகல இடத்தில் அடங்கிவிடுகின்றன. எழுத்தின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வருவதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற கொம்பு வைத்து எழுதினார்கள். ணா, றா, னா ஆகியவற்றின் வடிவமும் வேறாக இருந்தது. பழக்கம் விடாதவர்கள் பின்னரும் அப்படியே எழுதியதால் இதை மட்டும் வைத்துக் காலத்தை உறுதி செய்ய இயலாது என்றாலும், மற்றச் சான்றுகளோடு சேரும்போது இது பயன்படும்.

அண்டாவின் உட்புறத்தில் இன்னொரு செய்தி இருந்தது. அடியில் திட்டுத் திட்டாக வெண்மை ஒட்டியிருந்தது. அது பழைய ஈயப் பூச்சு. பித்தளையில் புளியும் மோரும் பட்டால் களிம்பு ஏறும்; அது உடம்புக்கு ஆகாது. அதனால் உட்புறத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் தேய்த்துப் பூசுவார்கள். ஈயம் பூசுகிறவர் ஆண்டுக்கு ஓரிரு முறை துருத்தியோடு தோட்டத்துக்கு வந்து, காலையில் ஆள் கூடிப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் குழி தோண்டிக் கரி மூட்டுவாராம். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடுவார்களாம். உலகின் ஈயத்தில் பெரும்பங்கைத் தோண்டி எடுத்துக் கொடுத்த நாட்டில் வாழ்ந்த நம் வீடுகளுக்குள் அந்த உலோகம் வந்த வழிகளில் இதுவும் ஒன்று. எவர்சில்வர் பரவியதும் ஈயம் பூச வேண்டிய தேவையும் போயிற்று, பூசுகிறவரும் போனார். பித்தளையைக் கொடுத்துவிட்டு எவர்சில்வரை வாங்கிக்கொண்ட வீடுகள் எத்தனையோ. பெண்களின் வேலைப்பளு அதனால் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கித் துலக்கி அம்மாவின் விரல் நுனிகள் வெடித்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இனி ஒரு சிறு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அடுப்படிச் சுவரில், ஆணியில், வளைந்த தகரத் துண்டு ஒன்று எப்போதும் தொங்கும். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, ஆணியால் நெருக்க நெருக்கத் துளையிட்டு, மரச்சட்டத்தில் அடித்த துருவி அது. தேங்காய் துருவுவதற்கு வீட்டில் திருகுபலகை இருக்கும்போது இது எதற்கு என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "ஜப்பான்காரன் காலத்தது" என்று மட்டும் சொல்வார்கள். அது மரவள்ளிக் கிழங்கு துருவியது. போருக்கு முன் மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவழைத்து உண்டுகொண்டிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்து, கப்பல் போக்குவரத்து முடங்கியதும் அரிசி குறைந்தது. லயத்தைச் சுற்றியிருந்த மண்ணிலெல்லாம் கிழங்கு நட்டார்கள். அதைத் துருவிப் பிழிந்து, உலர்த்தி, மாவாக்கித் தின்றுதான் மூன்றரை ஆண்டுகளைக் கழித்தார்கள். கடையில் துருவி வாங்க முடியாத காலத்தில் தாத்தாவின் தம்பி இதைச் செய்தாராம். அவர் பின்னர் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையில் மடிந்த தமிழர்கள் பல்லாயிரவர். அவர்களுள் பெரும்பாலோருக்குக் கல்லறை கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. சின்னத் தாத்தாவின் நிழற்படம்கூட எங்களிடம் இல்லை. அவர் கையால் செய்த பொருளாக எங்களுக்கு மிஞ்சியிருப்பது இந்தத் துருவி ஒன்றுதான். அன்று லோரியில் அதுவும் ஏறியிருந்தால் நாங்கள் எதை இழந்தோம் என்பதையே அறியாமல் இருந்திருப்போம்.

ஜப்பானியர் காலத்துப் பணமான வாழைமர நோட்டுகளைப் பலரும் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியும் இருக்கிறார்கள் என்பதால் நான் விரித்துரைக்கவில்லை. அதைவிட, அரிசி அளக்கும் பால் டின்னைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஊரிலிருந்து வந்த ஆழாக்கும் படியும், இங்கே சந்தையில் வழங்கிய கந்தாங்கும் போய், காலியான பால் டின் நம் வீடுகளில் அளவையாகிவிட்டது. இன்றும் பல அம்மாக்கள் "ரெண்டு டின் அரிசி போடு" என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் பாட்டி டின்னில் அரிசியை அள்ளியதும் விரலால் வாயை வழித்துச் சமன் செய்து, வழித்த மணிகளைத் திரும்பவும் பானைக்குள் தட்டிவிடுவார். பங்கீட்டுக் காலத்தில் பழகிய விரல் அது. அந்தப் பழக்கம் என் அம்மாவுக்கு வந்தது, எனக்கும் வந்திருக்கிறது.

தூக்குச்சட்டி பயன்படாமல் சும்மா தொங்கிய காலமும் ஒன்று உண்டு. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே அடையாள அட்டையும் வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பதற்காகப் பல தோட்டங்களில் லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். வேலைக்காட்டுக்குச் சோறு எடுத்துச் செல்வது தடுக்கப்பட்டது. வாசலில் ஆளையும் வாளியையும் சோதித்துத்தான் வெளியே விட்டார்கள். விடியுமுன் மரத்துக்குப் போய்விட்டு நண்பகல் தாண்டித் திரும்பும் வரை வெறும் வயிறுதான் என்று பெரியம்மா சொன்னார். அவசரகாலம் 1960-இல் முடிந்தது. பாடநூலில் அது போராகவும் அரசியலாகவும் வருகிறது. ஆணியில் சும்மா தொங்கிய தூக்குச்சட்டியைக் காட்டிச் சொன்னால், பத்து வயதுப் பிள்ளைக்கும் அது பசியாக விளங்கும்.

பொருள்களோடு அவற்றின் பெயர்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எங்கள் சாமி அறையில் திருநீறு வைத்திருந்தது ஒரு வெள்ளைப் பீங்கான் மங்கில். ரப்பர்ப் பால் வடியும் கிண்ணமாகப் பால்மரத்தில் கட்டிய அதே மங்குதான். மலாய்க்காரர்களின் மங்கோக் நம் வாயில் மங்கு ஆயிற்று. ரப்பரைக் குறிக்கும் கெத்தா, கித்தா ஆயிற்று. எதிர்த்திசையிலும் சொற்கள் போயிருக்கின்றன. மலாய் வீட்டில் காத்தில் என்பது நம் கட்டில், பெத்தி என்பது நம் பெட்டி, தீராய் என்பது நம் திரை. மேசையும் அலமாரியும் சன்னலும் நமக்கும் அவர்களுக்கும் பொதுவாகப் போர்த்துகீசியரிடமிருந்து வந்தவை. அவர்கள் அதை மேஜா, அல்மாரி, ஜெண்டேலா என்கிறார்கள். மலாய் ஆண்கள் உடுத்தும் காயின் பெலிக்காட் என்ற கைலி, சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டின் பெயரைத் தாங்கியது. ஒரு கூடத்தில் நின்று கண்ணில் படும் பொருள்களின் பெயர்களை மட்டும் சொல்லிக்கொண்டே வந்தால், வங்கக் கடலில் பல நூற்றாண்டுகள் நடந்த வணிகம் முழுவதும் அங்கே கிடக்கிறது. எங்கள் வீட்டில் குழந்தைகள் எல்லோரும் உறங்கிய தூளியையும் இதற்குச் சான்றாகச் சொல்வேன். உத்தரத்தில் எஃகுச் சுருள்கம்பி, அதில் மாட்டியது பாத்தேக் சாரம், ஆட்டிக்கொண்டு அம்மா பாடியது தமிழ்த் தாலாட்டு. மலாய்க்காரர் வீட்டிலும் இதே சுருள்கம்பி, இதே சாரம். பாட்டு மட்டும் வேறு.

பெண்களின் வரலாற்றுக்கு இந்தப் படிப்பு மிகவும் இன்றியமையாதது என்று நான் கருதுகிறேன். தோட்டத்து வேலையில் பெண்கள் ஆண்களுக்கு இணையாக நின்றார்கள். ஆனால் கடிதம் எழுதியவர், மனுப் போட்டவர், சங்கத்தில் பேசியவர் என்று காகிதத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பாட்டி எழுதப்படிக்கத் தெரியாதவர். அவரைப் பற்றி நான் அறிவதற்கு அம்மியைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் அம்மி நடுவில் தேய்ந்து பள்ளமாக இருக்கிறது. குழவியின் ஒரு முனை மற்றதைவிட மெலிந்திருக்கிறது. பாட்டிக்கு இடது தோளில் வலி இருந்ததாகவும், தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்ததால் வந்தது என்றும் அம்மா சொல்வார். ஒரு கையை அழுத்தி, மறு கையைத் தளரவிட்டு, முப்பது நாற்பது ஆண்டுகள் அரைத்தவரின் உடம்பு அந்தக் கல்லில் இருக்கிறது. 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இங்கு வந்தபோது நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். கழற்றிக் கொடுக்க நகையே இல்லாதிருந்த பெண்களைப் பற்றியும் ஏதாவது ஒரு சான்று வேண்டும் அல்லவா?

பெருமைக்குரிய பொருள்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது வரலாறு ஆகாது. அடகுச் சீட்டுகளும் நம் வீடுகளில் இருக்கின்றன. கள்ளுக்கடைக்குக் கொண்டுபோன குவளையும் இருக்கிறது. சில வீடுகளில் வேற்றுச் சாதியாருக்கென்று புறவாசலில் தனியாக வைத்திருந்த தம்ளரும் இருந்தது. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது என்று பெரியம்மா தயக்கத்தோடு சொன்னார். அது இப்போது இல்லை. எவரும் வைத்திருக்கவும் விரும்பியிருக்க மாட்டார்கள். அப்படி ஒன்று இருந்தது என்பதை எழுதி வைத்திருக்கிறேன்.

பினாங்கிலே வாழ்கிறவர்களுக்கு இதன் மதிப்பை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமை நகரமானது முதல், மலாய் வாழ்க்கைமுறை கலந்த சீனப் பெரனாக்கான் குடும்பங்களின் மணிவேலைச் செருப்பு, அடுக்குப் பாத்திரம், வெற்றிலைப் பெட்டி ஆகியவற்றைக் காண்பதற்கு லெபோ கெரேஜாவிலுள்ள மாளிகைக்கு வெளிநாட்டவர் கட்டணம் செலுத்திப் போகிறார்கள். மலாக்காவில், பழந்தமிழ் வணிகர் வழிவந்த செட்டி சமூகத்தார் தங்கள் கம்பத்திலேயே சிறு அருங்காட்சியகம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அளவில் சிறிதானாலும் அங்குள்ள ஒவ்வொரு பொருளும் யார் வீட்டிலிருந்து வந்தது என்பதை அறிந்தவர்கள் அதைக் காக்கிறார்கள். அவர்கள் தங்கள் அடுப்படியைத் தாழ்வாக நினைக்கவில்லை. தோட்டத்திலிருந்து வந்த நாம், பால் மங்கு, மரம் வெட்டும் உளி, வாளி ஆகியவற்றை வறுமையின் அடையாளமாகக் கருதி, வசதி வந்ததும் முதலில் அவற்றைத்தான் வெளியே போட்டோம். இந்த மனநிலையை நான் புரிந்துகொள்கிறேன். பிள்ளைகள் அந்த வாழ்க்கைக்குத் திரும்பக் கூடாது என்ற வைராக்கியம் அதில் இருந்தது. அந்தப் பிள்ளைகள் படித்து முன்னேறிவிட்ட இன்று, அந்த உளியைக் கையில் எடுத்துப் பார்ப்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்பதை நான் அறிவேன். என் வீடும் சிறியது. பொருளைக் கொடுத்துவிட நேர்ந்தாலும், அதற்கு முன் அரைமணி நேரம் செலவிடலாம். பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து நான்கு புறமும் படம் எடுங்கள். எழுத்து வெட்டியிருந்தால் ஒளியைப் பக்கவாட்டில் காட்டிப் படம் எடுங்கள். அதற்கு முன் பளபளக்கத் துலக்கிவிடாதீர்கள், துலக்கத் துலக்க எழுத்து தேய்கிறது. பிறகு வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பொருளை அவர் கையிலேயே கொடுத்துப் பேச விடுங்கள். "பழைய கதை ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "இதில் என்ன சமைத்தீர்கள், யார் சமைத்தார்கள், எங்கே வைத்திருந்தீர்கள், ஓட்டை விழுந்தபோது யார் அடைத்தார்" என்று கேட்டால் வரும். அவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். பெரட்டு, செக்ரோல், ஆயாக்கொட்டகை, ஒட்டுப்பால் போன்ற தோட்டத்துச் சொற்களைத் திருத்தி எழுதினால் பாதி வரலாறு போய்விடும். காகிதங்களையும் நிழற்படங்களையும் பொறுத்தவரை ஒரே வேண்டுகோள்: ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். நம் நாட்டின் ஈரக்காற்றிலும் இராமபாணப் பூச்சியிலும் தப்பிய காகிதத்தை அவை இரண்டும் கெடுத்துவிடுகின்றன. படத்தின் பின்புறம் பெயர் எழுத வேண்டுமானால் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். நிழற்பட நிலையத்தின் முத்திரை பின்னால் இருந்தால் அதையும் படம் எடுங்கள். முகவரியும் தொலைபேசி எண்ணின் இலக்கங்களும் காலத்தைக் கணிக்க உதவும்.

தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு சொல். நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடம் மாணவர் தம்மையும் தம் குடும்பத்தையும் அறிவதிலிருந்து தொடங்குகிறது. அந்தப் பகுதியைக் குடும்ப மரம் வரைந்து வண்ணம் தீட்டுவதோடு முடித்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் முடித்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளையோ அதன் படத்தையோ கொண்டுவரச் சொல்லி, அதைப் பற்றித் தாத்தா பாட்டி சொன்னதை நான்கு வரி எழுதச் சொன்னேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவன் கார்பைடு விளக்கு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, விடியுமுன் அதை நெற்றியில் கட்டிக்கொண்டு தன் கொள்ளுப்பாட்டி மரம் வெட்டப் போனதை இருபது நிமிடம் நிறுத்தாமல் சொன்னான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், அதனால்தான் இருட்டிலேயே போனார்கள் என்று காரணமும் சொன்னான். அறிவியல் பாடத்தில் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திராத செய்தி அது. இந்த முயற்சிக்குப் பெரிய செலவு இல்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில், பள்ளிக்குப் பத்துப் பொருள்களைப் பற்றி எழுதி வைத்தாலும் அது பெரும் தொகுப்பாகும். கோயில் திருவிழா மலர்களிலும் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் இரண்டை இதற்குக் கொடுக்கலாம்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஞாயிறு பதிப்பில் கால் பக்கம் ஒதுக்கி, வாசகர்கள் அனுப்பும் ஒரு வீட்டுப் பொருளின் படத்தையும் அதைப் பற்றி அவர்கள் வீட்டு மூத்தவர் சொன்னதையும் வாரந்தோறும் வெளியிட வேண்டும். விலைமதிப்புள்ள பொருளாக இருக்க வேண்டியதில்லை. பயன்பட்ட பொருளாக இருந்தால் போதும். எந்த ஊர், எந்தத் தோட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவை கட்டாயம் இருக்க வேண்டும். படத்தைச் சரிபார்க்கவும் பழைய எழுத்தைப் படிக்கவும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உதவ ஆயத்தமாக இருக்கிறோம்.

அந்தப் பகுதி தொடங்குமானால் முதல் பொருளாக எங்கள் வீட்டுச் சொம்பு ஒன்றின் படத்தை அனுப்புகிறேன். அதில் வெட்டியிருப்பவை எங்கள் குடும்பத்தாரின் எழுத்துகள் அல்ல, "சு. வீ. 1962" என்று இருக்கிறது. லயத்தில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் பத்து வீட்டுப் பாத்திரம் போய்ச் சேரும், முடிந்ததும் பெயரைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார்கள், பெயர் வெட்டியதே அதற்காகத்தான் என்று பெரியம்மா சொன்னார். அப்படி ஒரு விசேஷத்துக்குப் பின் இந்தச் சொம்பு மட்டும் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள், ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். அந்த எழுத்துகளுக்குரியவர்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ நிபோங் திபால் வட்டாரத்தில் வாழ்ந்தவர்களாக இருந்து, இதைப் படிக்க நேர்ந்தால், தங்கள் அலுவலகம் வழியாகத் தெரிவிக்கலாம். சொம்பை நான் துலக்காமல் வைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.